கொத்தனார் ஆம்பளை, சித்தாள் பொம்பளை: உடம்பா, வழக்கமா?

மாட்டுத்தாவணி:

பக்கத்து இழையில் ‘பெண்களால் முடியாத வேலை’ என்று பேச்சு கிளம்பி, கடைசியில் அவரவர் வீட்டுக் கதையில் போய் நின்றுவிட்டது. அதனால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். உடல் வலு ஒன்று. கைநேர்த்தியும் மூளைத்திறனும் இன்னொன்று. நாலு பேர் கூடும் இடத்தில் ஆணும் பெண்ணும் நடந்துகொள்ளும் விதம் மூன்றாவது. ஒன்றில் இருக்கிற வித்தியாசத்தைக் காட்டி மற்றொன்றை நிரூபிக்கப் பார்ப்பதுதான் இந்தப் பேச்சுகளில் எப்போதும் நடக்கிற கோளாறு. நம்ம மதுரைப் பக்கத்து வேலைகளையே எடுத்துக்கொள்வோம்: கட்டடம், பூ, வயல், கிராம சபை. எடையும் அளவும் முறையும் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதைகள் வேண்டாம்.

ரசமட்டம்:

கட்டட வேலையிலிருந்து தொடங்குவோம். ‘வலு’ என்கிற காரணம் தலைகீழாக நிற்பது அங்கேதான்.

நாட்டுச் செங்கல் ஒன்று ஏறக்குறைய 3 கிலோ. சித்தாள் சும்மாடு வைத்து ஒரு நடைக்கு எட்டு, பத்துக் கல் எடுப்பார். 25 முதல் 30 கிலோ வந்துவிடும். கலவைச் சட்டியை நிறைய அள்ளினால் 15 கிலோவுக்குக் குறையாது. இதைத் தலையில் வைத்துக்கொண்டு சாரத்தில் ஏற வேண்டும். கொத்தனார் நாளுக்கு 500 கல் வைத்தால் அவரும் ஒன்றரை டன்னைக் கையால் தொடுகிறார்தான். ஆனால் மூன்று மூன்று கிலோவாக, நின்ற இடத்தில், பெரும்பாலும் இடுப்பு மட்டத்தில்.

ஆக, ஒரே தடவையில் அதிக எடையைத் தூக்குவது சித்தாள். கூலி அதிகம் வாங்குவது கொத்தனார். அந்தக் கூடுதல் கூலி தூக்குக்குண்டு, ரசமட்டம், நூல் பிடிப்பது, மூலை எழுப்புவது என்ற தொழில் அறிவுக்குக் கொடுக்கிற கூலி. அதை வலுவுக்கான கூலி என்று சொல்ல ஒரு நியாயமும் கிடையாது.

அந்த அறிவு ஏன் பெண்களிடம் போகவில்லை என்றால், ஏறிப்போக அவர்களுக்குப் படிக்கட்டு இல்லை. எடுபிடியாக வருகிற பையன் கொத்தனாரின் உதவியாளான நிமிந்தாள் ஆகிறான், ஓய்ந்த நேரத்தில் கரண்டி பிடிக்கிறான், சில வருடத்தில் கொத்தனார் ஆகிறான். சித்தாளாக வருகிற பெண் இருபது வருடம் கழித்தும் சித்தாளாகவே இருக்கிறார். இத்தனைக்கும் சிமென்ட், மணல் 1:6 கலவைக்கும் 1:4 கலவைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கைப்பதத்திலேயே சொல்லத் தெரிந்தவர் அவர்தான். தண்ணீர் கூடிப்போனால் கொத்தனாருக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும்.

பெண்களுக்குக் கொத்தனார் பயிற்சி என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். சில வாரம் வகுப்பு, சான்றிதழ், புகைப்படம். அதற்குப் பிறகு எந்த மேஸ்திரியும் வேலை கொடுப்பதில்லை. சரியான வரிசை இது: முதலில், தேர்ந்த கொத்தனார் இரண்டு மூலையையும் எழுப்பி நூல் கட்டித் தர வேண்டும், பழகுகிறவர் இடையில் இருக்கும் வரியை மட்டும் நிரப்ப வேண்டும். இணைப்பு 10 மில்லிமீட்டர் சீராக வரும்வரை இதுவே வேலை. அடுத்தது உள்பூச்சு, 12 மில்லிமீட்டர் கனம். கடைசியில்தான் மூலை. இது முழுவதும் உண்மையான கட்டடத்தில், கூலியோடு நடக்க வேண்டும். இரண்டு பேரையாவது சேர்த்து அனுப்ப வேண்டும். ஒற்றைப் பெண்ணாகப் போனால் பத்தே நாளில் மறுபடி சட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் நின்றுபோகிறவர்களும் உண்டு. அதைத் திறமைக் குறைவின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

பரவை:

ரசமட்டம் அண்ணன் சொல்வது சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு ‘உடல் வலுவில் வித்தியாசமே இல்லை’ என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அது உண்மையும் இல்லை, பெண்களுக்கு நல்லதும் இல்லை.

1993-இல் வெளியான ஓர் அளவீடு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். அதில் பெண்களின் மேலுடல் வலு ஆண்களுடையதில் 52 விழுக்காடு, கீழுடல் வலு 66 விழுக்காடு. பருவம் அடைந்த பிறகு ஆண் உடம்பில் தசை கூடுவதால் வருகிற வித்தியாசம் இது. கைப்பிடி வலுவிலும் இடைவெளி மிகப் பெரிது. பயிற்சி செய்தால் இருபாலருக்கும் வலு கூடும், இடைவெளி மறையாது. ஆனால் 52-க்கும் 66-க்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் கவனியுங்கள். கால், இடுப்பு, முதுகை வைத்துச் செய்யும் வேலையில் வித்தியாசம் குறைகிறது. தோளும் கையும் வைத்துத் தூக்கி எறியும் வேலையில் கூடுகிறது. நாற்று நடவு, களை, தலைச்சுமை எல்லாம் முதல் வகை. லாரியில் மூட்டை ஏற்றுவது இரண்டாவது.

வித்தியாசம் உண்டு என்று ஒப்புக்கொண்டால்தான் கருவியையும் மூட்டையையும் மாற்றச் சொல்லிக் கேட்க முடியும். சிமென்ட் மூட்டை 50 கிலோ. யூரியா 2018-இலிருந்து 45 கிலோ. ஒருவர் தனியாகத் தூக்குவதற்கு அமெரிக்கத் தொழில் நல நிறுவனம் வைத்திருக்கிற உச்ச வரம்பு 23 கிலோ. அதுவும் உடம்போடு ஒட்டி, முறுக்காமல், இடுப்பு உயரத்திலிருந்து தூக்கினால் மட்டும். அந்த வரம்பில் 50 கிலோ மூட்டை ஆணுக்கும் அதிகம்தான். ஆண்கள் தூக்கிவிடுவதால் அது பிரச்சினையாகத் தெரிவதில்லை, ஐம்பது வயதில் முதுகு சொல்லும். 15 லிட்டர் குடம் இரண்டு என்றால் 30 கிலோ. பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே அதைத் தூக்கத் தொடங்குவது கருப்பை இறக்கத்துக்கு ஒரு காரணம்.

வயலில் இன்னொன்றையும் பாருங்கள். கையால் களை பறிக்கும் வரை அது பொம்பளை வேலை. திருந்திய நெல் சாகுபடியில் கையால் தள்ளும் களைக்கருவியான கோனோ வீடர் வந்ததும் பல ஊர்களில் அது ஆம்பளை வேலை ஆகிவிட்டது. நடவு இயந்திரமும் அப்படியே. இயந்திரத்தை ஓட்ட, நாள் முழுக்கக் குனிந்து நடுவதைவிட அதிக வலு வேண்டுமா என்ன? கோனோ வீடரில் உண்மையான தொல்லை கைப்பிடி உயரமும், காய்ந்த மண்ணில் தள்ளுவதும். வயலில் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும்போது ஓட்டி, கைப்பிடியை இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் வருமாறு போல்ட்டை இறக்கி மாட்டினால் பாதித் தொல்லை போய்விடும். ஐந்தேகால் அடி ஆளுக்குச் செய்த கைப்பிடியை நாலே முக்கால் அடி ஆளிடம் கொடுத்துவிட்டு, ‘பொம்பளைக்கு வரல’ என்று சொல்வதுதான் நடக்கிறது.

மல்லிமொட்டு:

‘விரல் நேர்த்தி பெண்களுக்கு இயற்கை’ என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம்.

சிறு ஊசிகளைத் துளைகளில் செருகும் சோதனையில் பெண்கள் சராசரியாக முந்துவது உண்மை. ஆனால் விரல் தடிமனைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போகிறது என்று 1990-இலேயே காட்டிவிட்டார்கள். தொட்டு உணரும் நுட்பத்திலும் 2009-இல் வந்த ஆய்வு அதையேதான் சொல்கிறது: விரல் நுனி சிறிதாக இருந்தால் உணர்வு நுட்பம் கூடும், அது ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும். சராசரியாகப் பெண்களின் விரல் சிறியது, விஷயம் அவ்வளவுதான்.

இனி நம்ம மல்லிக்கு வாங்க. மொட்டு முற்றி, விரியாமல் இருக்கும்போது விடியற்காலையில் பறித்தாக வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு தளர்ந்து, சந்தையில் விலை இறங்கும். காம்போடு நகம் படாமல் கிள்ள வேண்டும். பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்து, நனைத்த வாழை நாரில் சரம் தொடுப்பதும் பெண்கள். பக்கத்திலேயே பூக்கடையில் உட்கார்ந்து மாலை கட்டுவது யார்? பெரும்பாலும் ஆண்கள். அதே பூ, அதே நார், அதே விரல் வேலை. இங்கே வேலையைப் பிரித்தது விரல் இல்லை. முழக்கணக்கில் வீட்டில் செய்வது பெண்ணுக்கு, ஆர்டர் பிடித்துக் கடையில் செய்வது ஆணுக்கு என்று போயிருக்கிறது.

சுங்குடியிலும் இதே கோடுதான். ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவது வீட்டில் இருக்கும் பெண்கள். சாயம் தோய்ப்பது ஆண்கள். வீட்டுச் சமையல் பெண்ணுக்கு, கல்யாணச் சமையல் தவசிப்பிள்ளைக்கு. அங்கே ‘அண்டா கனம்’ என்று ஒரு காரணம் சொல்வார்கள். அண்டாவை இறக்க நாலு பேர் கூடுகிறார்கள். உப்பும் பதமும் பார்ப்பவர் ஒருவர்தான்.

தெற்குவாசல்:

எல்லாம் சரிங்கக்கா, மூளை விஷயம்? ஆம்பளைங்களுக்குத் திசையும் கணக்கும், பொம்பளைங்களுக்குப் பேச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே. ரிவர்ஸ் எடுத்து வண்டி நிறுத்துறதுல வித்தியாசம் இல்லைன்னு சொல்லிடுவீங்களா?

கணக்குப்பிள்ளை:

சொல்லிவிட மாட்டேன் தம்பி. ஆனால் ‘வித்தியாசம் உண்டா’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘எவ்வளவு’ என்று கேளுங்கள். அதற்கு ஓர் எளிய அளவுகோல் தருகிறேன்.

எந்த ஊரிலும் கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் நிறுத்துங்கள். இப்படி 100 ஜோடி. உயரம் பார்த்தால் ஏறக்குறைய 92 ஜோடியில் ஆண் உயரமாக இருப்பார். மேலுடல் வலுவும் கிட்டத்தட்ட இந்த ரகம். இதுதான் ‘பெரிய வித்தியாசம்’. ஓர் உருவத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் சோதனை என்று ஒன்று உண்டு. மூளைத்திறனில் ஆண்கள் தெளிவாக முந்துவது அதில்தான். அங்கே 100 ஜோடியில் 65 ஜோடி அளவில் ஆண் முந்துவார், மீதி 35-இல் பெண் முந்துவார். மற்ற பெரும்பாலான திறன்களில் 56-க்கு 44, அல்லது அதைவிடக் குறைவு. கணிதத் தேர்வுகளில் ஏறக்குறைய சமம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பு ஆய்வுகள் 46-ஐ ஒன்றுசேர்த்து 2005-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேனட் ஹைட் எழுதினார்: 78 விழுக்காடு வித்தியாசங்கள் சிறியவை அல்லது இல்லாதவை.

65-க்கு 35 என்பதை வைத்து எதிரே நிற்கும் ஒருவரைப் பார்த்து ‘உனக்கு வராது’ என்று சொல்ல முடியாது. ஓட்டுநர் வேலைக்கு ஆள் எடுக்கிறவர் ஆணா பெண்ணா என்று பார்த்து முடிவெடுத்தால் மூன்றில் ஒரு தடவை தப்பாகிவிடும். பத்து நிமிடம் ஓட்டச் சொல்லிப் பார்த்தால் போதுமே.

அந்த 65-உம் நிலையானதா? 2007-இல் ஒரு சோதனையில் 10 மணி நேரம் வேகமான வீடியோ கேம் ஆட வைத்தார்கள். இடைவெளி நன்றாகச் சுருங்கியது. 2011-இல் மேகாலயாவில் ஏறக்குறைய 1,300 பேருக்கு ஒரு படப் புதிர் கொடுத்தார்கள். தந்தைவழிச் சமூகமான கார்பிப் பழங்குடியில் பெண்கள் ஆண்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் நேரம் எடுத்தார்கள். பக்கத்திலேயே வாழும், சொத்து பெண்வழி போகும் காசி (Khasi) என்னும் பழங்குடி மக்களிடம் வித்தியாசம் இல்லை. இரண்டு சமூகத்துக்கும் ஒரே மலை, ஒரே சோறு. பெண் பிள்ளை எத்தனை வருடம் படிக்கிறாள், வீட்டுச் சொத்து யார் பேரில் இருக்கிறது என்பதுதான் வேறு.

பேச்சைப் பொறுத்தவரை, 2007-இல் 396 மாணவர்களின் பேச்சைப் பதிவுசெய்து எண்ணினார்கள். இருபாலருமே நாளுக்கு ஏறக்குறைய 16,000 சொல். ‘பொம்பளைங்க வாய் ஓயாது’ என்பதற்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

நம்ம பள்ளிக்கூடத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 பிளஸ் டூவில் மாணவிகள் தேர்ச்சி 96.44, மாணவர்கள் 92.37. பத்தாம் வகுப்பில் 94.53-உம் 88.58-உம். இதை வைத்துப் ‘பெண்களுக்கு மூளை அதிகம்’ என்று எழுதுவதும் அதே தப்புதான். தேர்ச்சி என்பது உட்கார்ந்து படிக்கும் பழக்கம், பாதியில் வேலைக்குப் போகும் நெருக்கடி எல்லாம் சேர்ந்த கணக்கு. பையன்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று தனியாக ஓர் இழையே தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும்.

பரவை:

குணத்தில் ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடலால் தாக்கும் வன்முறையில் வித்தியாசம் எல்லா நாட்டிலும் தெளிவாகவே இருக்கிறது. இந்தியச் சிறைகளில் பெண்கள் சுமார் 4 விழுக்காடுதான். வழக்கம் மட்டுமே காரணம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

கணக்குப்பிள்ளை:

ஒப்புக்கொள்கிறேன். மறுக்க ஆதாரம் இல்லை.

வாடிப்பட்டி:

மூன்றாவது விஷயத்துக்கு யாருமே வரவில்லையே. கிராம சபையில் முக்கால்வாசி பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், பேசுவது முன்வரிசை ஆண்கள் பத்துப் பேர். இதைக் கூச்ச சுபாவம் என்கிறார்கள். சுபாவம்தானா?

மந்தைத்திடல்:

கூச்சம் என்றால் அதே பெண்கள் குழாயடியிலும் பேச மாட்டார்களே. கூட்டம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

தமிழ்நாட்டுக் கிராம சபைகளில் 2014-இல் பேச்சைப் பதிவுசெய்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2019-இல் வெளியானது. பெண்கள் பேசுவது குறைவு. அவர்கள் எழுப்பும் பொருளைக் கூட்டம் தொடர்ந்து பேசுவது குறைவு. அவர்கள் கேட்டதற்கு அதிகாரிகள் நேரான பதில் சொல்வதும் குறைவு. தலைவர் பெண்ணாக இருந்த ஊர்களில் அந்தப் பதில் சொல்லும் விஷயம் மேம்பட்டிருந்தது. மூன்றாவது குறையை யோசியுங்கள். இரண்டு தடவை கேட்டுப் பதில் வராதவர் மூன்றாம் தடவை ஏன் எழுந்திருக்கப் போகிறார்?

தேர்ந்தெடுத்த தலைவர் இருந்தாலும், அவர் இல்லாமல் அரசின் தனி அலுவலர் நிர்வாகமாக இருந்தாலும் செய்யக்கூடியவற்றை எழுதுகிறேன்.

சபை வருடத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. பல ஊர்களில் அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்கு வரும் பெண்களை அழைத்துவந்துதான் இந்த எண்ணிக்கையை நிரப்புகிறார்கள். அதாவது அவர்கள் கையெழுத்து இல்லாமல் கூட்டமே செல்லாது. இந்தப் பலம் அவர்கள் கையில் இருப்பதை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் மகளிர் குழுக்கள் கூடி மூன்றே கோரிக்கை எழுத வேண்டும். பத்து எழுதினால் ஒன்றும் நடக்காது. ‘தண்ணி வரல’ என்று எழுதக் கூடாது. எந்தத் தெரு, எந்தத் தொட்டி, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை குடம் என்று எழுத வேண்டும். இரண்டு நகல் எடுத்து ஊராட்சி செயலரிடம் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். குடிநீரைப் பொருள் வரிசையில் முதலில் வைக்கச் சொல்லுங்கள். வரவு செலவு வாசித்து முடிக்கும்போது மணி ஒன்றாகிவிடும், சமைக்க வேண்டியவர்கள் எழுந்துவிடுவார்கள். 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது என்பது கடைசி வரை யார் இருப்பார்கள் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது.

உட்காரும் இடம். நாற்காலி முன்னால், ஜமுக்காளம் பின்னால் என்று இருந்தால் மைக் நாற்காலியைத் தாண்டாது. எல்லோரும் ஜமுக்காளத்தில், அல்லது அரைவட்டமாக. மைக்கைப் பிடித்துச் சுற்றிவர ஒரு பெண்ணை நிறுத்துங்கள். முதல் கேள்வியைப் பெண்தான் கேட்க வேண்டும், இதை முன்கூட்டியே பேசி வையுங்கள். பத்து நாடுகளில் சுமார் 250 பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் எண்ணிப் பார்த்ததில், முதல் கேள்வி பெண்ணிடமிருந்து வந்தால் பிறகு பெண்கள் கேட்பதும் கூடியது. இடம் வேறு, ஆனாலும் இது செலவில்லாத வேலை.

எல்லாம் கெட்டுப்போகிற இடம் கடைசியில் இருக்கிறது. இருபது பெண்கள் ஒரே நேரத்தில் எழுந்து சத்தம் போடுகிறார்கள். மேடையில் இருப்பவர் ‘சரிம்மா, பாத்துக்கலாம்’ என்கிறார். தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியும் ஏறுவதில்லை. அதனால் ஒருவர் பேச வேண்டும், இன்னொருவர் ‘இதைத் தீர்மானமாக எழுதுங்கள்’ என்று கேட்க வேண்டும், மூன்றாமவர் தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. வெற்றுப் பக்கத்தில் போடவே கூடாது.

மல்லிமொட்டு:

பேரம் பேசுவது ஆண் குணம் என்பவர்களுக்கு அழகர்கோவில் பக்கத்து புல்லுசேரி சின்னப்பிள்ளை அம்மாவை நினைவூட்டுகிறேன். பள்ளிக்கூடம் போகாதவர். கூலிக்குப் போகும் பெண்களைக் கொத்தாகச் சேர்த்து, நில உடைமையாளர்களிடம் கூலி பேசியவர். களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களின் தலைவராக இருந்தவர். விருது மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ. அவரைத் தனி அதிசயம் என்று ஒதுக்காதீர்கள். அவர் பேசும்போது பின்னால் ஒரு கொத்தே நின்றது, பேரம் படியாவிட்டால் அவர்கள் யாரும் வயலுக்கு இறங்க மாட்டார்கள்.

அரவிந்த் கண் மருத்துவமனையையும் பாருங்கள். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடித்ததும் எடுத்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, பார்வை அளப்பது முதல் அறுவை அரங்க உதவி வரை ஒப்படைக்கிறார்கள். அங்கே படிக்கட்டு இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

போட்டி மனப்பான்மைக்கும் ஓர் எண் இருக்கிறது. 2009-இல் வந்த ஆய்வில் பந்தை வாளியில் எறியும் ஆட்டம் வைத்து, ‘விழும் பந்துக்கு நேர்க் கூலியா, போட்டியிட்டு வென்றால் மூன்று மடங்கா’ என்று கேட்டார்கள். தந்தைவழிச் சமூகமான தான்சானியாவின் மாசாய் ஆண்களில் 50 விழுக்காடு போட்டியைத் தேர்ந்தார்கள், பெண்களில் 26. காசி மக்களிடம் பெண்கள் 54, ஆண்கள் 39.

தெற்குவாசல்:

ரசமட்டம் அண்ணே, எங்க தெருவுல நாலு அக்காமாரு சித்தாள் வேலைக்குப் போறாங்க. கரண்டி பிடிக்கணும்னா எந்த வேலையில தொடங்கச் சொல்றது? மூலையை எப்பக் கொடுக்கலாம்?

ரசமட்டம்:

சுற்றுச்சுவர் வேலையில் தொடங்கச் சொல்லுங்கள். உயரம் ஐந்து அடி, சாரம் அதிகம் வேண்டாம், நீளமான நேர்வரி கிடைக்கும். நாலு பேரும் ஒரே மேஸ்திரியிடம் போகட்டும். தினமும் மாலை ஒரு மணி நேரம் இரண்டு பேர் கட்ட, இரண்டு பேர் எடுத்துக் கொடுக்க, மறுநாள் மாற்றிக்கொள்ளட்டும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை எப்போதும் போடுவதுதான், முந்தானையை மட்டும் சாரத்தில் சிக்காதபடி இறுக்கிச் செருக வேண்டும். சிமென்ட் விரலைத் தின்னும், ரப்பர் கையுறை சின்ன அளவாகக் கேட்டு வாங்குங்கள். பெரிய அளவைப் போட்டால் கரண்டி நிற்காது, அப்புறம் அதற்கும் ‘பொம்பளைக்குக் கை வரல’ என்பார்கள்.

மூலையை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். நடுவரி பத்து நாள் தொடர்ந்து நூலைத் தொடாமல் நூலோடு வந்தால் கொடுக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாவது வரியில் கால் அங்குலம் வெளியே சாய்ந்ததைக் கவனிக்காமல் அதே சாய்வில் ஏற்றிப் போனால், கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்தில் அது இரண்டு அங்குலமாக நிற்கும். அதற்குப் பிறகு பூச்சில் மறைக்க முடியாது, இடித்துத்தான் கட்ட வேண்டும்.